தம்பி துணைவேந்தராயிருந்த வாரம்

என் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும். தெருவிலிருந்து நுழைந்தால் முன் அறை, அதன் பின்னால் ஒரு சின்ன அறை, அதற்கும் பின்னால் அடுப்படி. அத்தோடு சரி. பின்வாசல் கிடையாது, அடுத்த வீட்டுச் சுவர்தான். குழாயும் கக்கூஸும் வாசலை ஒட்டி, மாடிப்படிக்குக் கீழே. ஆகவே முன் அறையில் நாலு ஆண்பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டால், அவர்கள் எழுந்து போகிறவரை நான் அடுப்படியிலேயே இருந்துவிட வேண்டியதுதான். அவர்கள் நடுவே புகுந்து கக்கூஸுக்குப் போக எனக்குக் கால் வராது.

தனியாக இருந்தவரை இது ஒரு குறையாகவே தெரியவில்லை. என்னைப் பார்க்க நாலு ஆண்பிள்ளைகள் எதற்கு வரப்போகிறார்கள்? முன் அறையில் என் மிஷின் இருக்கிறது. தறியில் ஓடுகிற நாடாவுக்குள் வைப்பதற்குப் பட்டு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தருவது என் வேலை. அதைத் தார் சுற்றுவது என்போம். முன்பு ராட்டையைக் கையால் சுற்றினேன், இப்போது மோட்டார். என் கொழுந்தனார் மகன் அடுத்த தெருவில் வாடகை இடத்தில் தறி போட்டிருக்கிறான். காலையில் நூலைக் கொடுத்துவிட்டுப் போவான், சாயங்காலம் தாரை வாங்கிப் போவான். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களைப் பார்த்தபடி சுற்றிக்கொண்டிருப்பேன். கண்டவர்கள் தலையாட்டுவார்கள், நானும் தலையாட்டுவேன். பேச்சு அவ்வளவுதான். ஐந்தாவது படிக்கும்போது பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாலே அழுதுவிடுவேன். அதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்தச் சுபாவம் மட்டும் நிற்கவில்லை.

அந்த முன் அறையில்தான் தம்பி வந்து உட்கார்ந்தான்.

என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவன். வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், செடிகொடிகளைப் பற்றிப் பாடம். அவன் மனைவி தவறி இரண்டு வருஷம் ஆகிறது. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். இந்தப் படிப்பு வருஷம் முடிந்தால் தம்பிக்கு ஓய்வு, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஒரு மத்தியானம் வாடகைக் காரில் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினான். முகம் சரியில்லை. சோறு போட்டு, சாப்பிட்டு முடிக்கிறவரை நான் ஒன்றும் கேட்கவில்லை.

“இன்னொரு யுனிவர்சிட்டிக்குத் துணைவேந்தர் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன்க்கா,” என்றான்.

“உங்க காலேஜுக்குப் பெரியவரு மாதிரியா?”

“நூறு காலேஜுக்குப் பெரியவரு மாதிரி. நெறைய பேரு எழுதிப் போட்டாங்க. ஒரு கமிட்டி போட்டு, சலிச்சு, கூப்பிட்டுப் பேசி, கடைசியா மூணு பேரைப் பொறுக்கி கவர்னர்கிட்ட அனுப்பி இருக்காங்க. அதுல நான் ஒருத்தன். மூணுல ஒருத்தரை அவரு சொல்லணும்.”

“அப்போ பொண்ணு பார்த்துட்டுப் போயிருக்காங்க.”

அவன் அன்று முதல்தடவையாகச் சிரித்தான். “அதேதான். பஜ்ஜி தின்னுட்டுப் போயிட்டாங்க. பதில் வரல.”

அந்த நாட்கள் எனக்குத் தெரியும். என்னை இரண்டு இடத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பதில் வருகிறவரை என்னைத் தெருக்குழாய்க்குக்கூட அனுப்பவில்லை. எவளாவது ஏதாவது சொல்லிவிடுவாள், எவனாவது எதையாவது பார்த்துவிடுவான் என்று பயம். தம்பிக்கும் அதே பயம்தான். “அங்க இருந்தா பார்க்கறவன்லாம் கேட்டுகினே இருக்கான். ஒரு வார்த்தை தவறிப்போனா அதையே மனுவா எழுதிக் கவர்னருக்கு அனுப்பிடுவானுங்க. நாலு நாள் இங்க மறைஞ்சி இருந்துட்டுப் போறேன்க்கா.”

நாலு நாள் என்பது சும்மா ஒரு பேச்சுக்குத்தான்.

முதலில் கதவைச் சாத்தினான். பிறகு ஜன்னலை. முன் அறைக்குக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் ஃபோன், எதிரே டிவி. ஃபோன் அடித்தால் என்னைப் பார்த்துக் கையைத் தூக்குவான், நான் மிஷினை நிறுத்துவேன். பேசி முடித்துக் கையைக் கீழே விட்டால் ஓட்டுவேன். ஒரு தார் சுற்றி முடிப்பதற்குள் எத்தனை தடவை நிறுத்துவது? நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் நூல் அறுந்துபோகும். கடைசியில் மிஷின்மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடினேன். கொழுந்தனார் மகனிடம் நூல் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறைந்திருக்கிறான் என்பதைக் கார் காட்டிக்கொடுத்துவிட்டது. எங்கள் சந்தில் கார் வந்தால் எந்த வீட்டுக்கு, யார், எதற்கு என்று சாயங்காலத்துக்குள் ஊர்க்கோடியிலிருக்கிற பழைய கோட்டை வரைக்கும் தெரிந்துவிடும். அடுத்தடுத்த நாட்களில் வரிசையாக வந்தார்கள். வந்தவாசிப் பக்கத்துக் கல்லூரி முதலாளி ஒருத்தர், கட்டட கான்ட்ராக்டர் ஒருத்தர், எங்கெங்கோ வேலை பார்க்கிற வாத்தியார்கள். ஆளுக்கு ஒரு சால்வை, ஒரு கூடை பழம். நான் அடுப்படியில் டீ போட்டு, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று தட்டை நீட்டுவேன். தம்பி எழுந்து வந்து வாங்கிக்கொண்டு போவான். டீ குடித்தவர்கள் சீக்கிரம் எழுந்திருப்பதில்லை. நான் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்பேன். தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன்.

வந்த முதல் நாள் அவனை “சார்” என்றவர்கள், பிறகு “வி.சி. சார்” என்றார்கள். தம்பி, “இன்னும் ஒண்ணும் வரலீங்க,” என்பான். வேண்டாம் என்று சொல்கிற குரலாக அது இருக்காது.

ஒருநாள் அந்தக் கான்ட்ராக்டர் கேட்டார். “வி.சி.க்குக் குடுக்கற அவ்ளோ பெரிய பங்களாவுல தனியா எப்படி சார் இருப்பீங்க?”

“தனியா ஏன்? அக்கா வந்துடறாங்க,” என்றான் தம்பி. “எட்டு ரூமு, தோட்டம், சமையலுக்கு ஆளு. காலம் பூரா கஷ்டப்பட்டவங்க. பதவி இருக்கற மூணு வருஷமும் ராணி மாதிரி இருக்கட்டுமே.”

“நல்ல மனசு சார் உங்களுக்கு.”

நான் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தேன். இந்த விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும்.

நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து என் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்ப்பவன் அவன். ஆனால் ஒரு தடவை அவன் குவார்ட்டர்ஸுக்குப் போயிருக்கிறேன். கேட்டில் இருந்த வாட்ச்மேன், “யாரும்மா வேணும்?” என்று கேட்டான். தம்பியின் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. திரும்பி வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி தேடிக்கொண்டு வந்து அழைத்துப் போனான். இனி எட்டு அறை, சமையல்காரர், டிரைவர், வாசலில் போலீஸ். ஒரு வாய் தண்ணீர் குடிக்க எத்தனை பேரைத் தாண்டிப் போக வேண்டியிருக்குமோ. இங்கே நாலு பேர் வந்தாலே அடுப்படியில் அடைந்து கிடக்கிறேன்.

மறுநாள் கொழுந்தனார் மகன் டேப்பும் சாக்பீஸுமாக வந்தான். தம்பி குளிக்கப் போயிருந்தான்.

“இன்னாடா அளக்கற?”

“மாமா சொல்லலியா பெரிம்மா? நீங்க பங்களாவுக்குப் போயிட்டா வூடு சும்மாதானே கெடக்கும், தறியை இங்க எறக்கிக்கோன்னாரு. ரெண்டு குழி எடுத்தா தாராளமா நிக்கும்.” மண்டி போட்டு, என் சிவப்புத் தரையில் கோடு கிழித்துக்கொண்டே பேசினான். “வாடகை மிச்சம். மாமா ஜல்தியா ஆர்டர் வாங்கினாருன்னா ஆடிக்குள்ள எறக்கிடலாம்.”

“நான் திரும்பி வந்தா?”

“பின்னாடி ரூமு இருக்குதுல்ல.”

“என் மிஷினு?”

“நான் எடுத்துக்கறேன். பங்களாவுல நீங்க தார் சுத்துனா பார்க்கறவங்க சிரிக்க மாட்டாங்க?” எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான். “கார்ல போவச்சொல்ல எங்களை மறந்துடாதீங்க பெரிம்மா. கையாவது ஆட்டுங்க.”

கெட்ட பையன் இல்லை. எனக்குச் சந்தோஷமான காரியம் என்று நினைத்துத்தான் பேசினான். தரையில் இரண்டு பெரிய கட்டங்கள். ஒரு கட்டத்துக்குள் என் மிஷின் நின்றது. நெய்கிறவன் காலை விட்டு உட்கார்கிற தறிக்குழியை எடுத்துவிட்டால் அது அப்புறம் முன் அறை ஆகாது. மூடினாலும் தரை பழையபடி ஆகாது. நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் குடும்பத்தில் என் அப்பா காலத்திலிருந்தே பழக்கம்.

ஜெபம் செய்யவும் வழியில்லாமல் போயிற்று. தம்பிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று முழங்காலில் நின்றால் என் வீடு போகிறது. கிடைக்கக் கூடாது என்று கேட்க முடியுமா? தூக்கி வளர்த்த பிள்ளை. பரமண்டல ஜெபத்தை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துகொள்வேன்.

இந்த நேரத்தில்தான் டீச்சரம்மா வந்தார்கள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, எங்கள் சபைப் பெண்கள் சங்கத்துக்குத் தலைவி. முன் அறையில் ஆண்கள் இருந்தாலும் நேரே நடந்து அடுப்படிக்கு வந்துவிடக்கூடிய ஒரே ஆள். அன்று ஆண்கள் யாரும் இல்லை, தம்பி மட்டும்தான்.

“ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திரம் ஏறெடுத்துடலாம் தம்பி,” என்றார்கள்.

எங்கள் ஆலயத்தில் நல்லது நடந்தால் குடும்பத்தோடு பீடத்துக்கு முன்னால் போய் நின்று, இன்னதற்காக என்று சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கை படைப்பது வழக்கம். பிரசவம், பரீட்சை, புது வீடு, ஆபரேஷன். டீச்சரம்மா தலைவியான பிறகு அதில் ஒரு புது வழக்கம் சேர்ந்தது. நடக்கப்போகிறதற்கும் முன்கூட்டியே ஸ்தோத்திரம் சொல்லிவிடுவது. அதுவும் நடந்தே முடிந்துவிட்ட மாதிரி சொல்ல வேண்டும். நடக்க வேண்டும் என்று கேட்டால் அது சந்தேகமாம்.

தம்பி பதறிவிட்டான். “வேணாங்க டீச்சர். இன்னும் ஆர்டரே வரல.”

“ஆர்டர் வந்தப்புறம் யாரு வேணா சொல்லுவாங்க. வர்றதுக்கு முன்னால சொல்றதுதான் விசுவாசம். கோடி வூட்டுப் பொண்ணுக்கு இப்படித்தான் சொன்னோம், விசா வந்திச்சா இல்லியா?”

“அதில்லீங்க. வெளிய தெரிஞ்சா பேஜாரு.”

“நம்ம கோயில்ல நம்ம ஜனங்க. வெளிய எப்படித் தெரியும்? சரி, நீங்க வராதீங்க. அக்கா வரட்டும். அக்காவை யாரு பார்க்கப்போறாங்க?”

தம்பி என்னைப் பார்த்தான். நான் கையிலிருந்த கரித்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மனசு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒருவேளை இதனால் கிடைத்துவிட்டால்? எதையும் விட்டுவைக்க அவனுக்குத் துணிவில்லை. “சரி,” என்றான். “சுருக்கமா முடிச்சிடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெள்ளைப் புடவை கட்டவே நேரம் பிடித்தது. கொசுவம் கையில் நிற்கவில்லை. ஆலயத்தில் வழக்கமாகத் தூணுக்குப் பின்னால் உட்காருவேன். டீச்சரம்மா கையைப் பிடித்து முன்வரிசைக்கு இழுத்துப்போனார்கள். எந்தச் சமயத்தில் எழுந்தேன், எப்படிப் பீடத்தண்டை போனேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை. பாஸ்டர் வாசித்தது மட்டும் காதில் விழுந்தது. “நம்முடைய சபையின் மகன், நம்முடைய பேராசிரியர் அவர்கள், துணைவேந்தர் பதவியைப் பெற்றுக்கொண்டதற்காக அவருடைய குடும்பத்தார் ஸ்தோத்திரம் ஏறெடுக்கிறார்கள்.” ஜனங்கள் கை தட்டினார்கள். எங்கள் ஆலயத்தில் கை தட்டுவது அபூர்வம்.

பிறகு மைக் என் முகத்துக்கு நேரே வந்தது. “ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா,” என்று டீச்சரம்மா முழங்கையால் இடித்தார்கள்.

ஐந்தாம் வகுப்பில் நின்ற மாதிரியே நின்றேன். ஸ்தோத்திரம் என்று சொன்னால் போதும், எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் அந்த வார்த்தை வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

“தம்பி தூங்கணும்,” என்றேன். “நேரத்துக்குச் சாப்பிடணும்.”

பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. பாஸ்டர், “ஆமென்,” என்றார். நல்ல மனிதர்.

யாருமே நினைத்துப் பார்க்காத ஒன்று அங்கே நின்றுகொண்டிருந்தது. கொரோனா காலத்தில் ஆலயத்தைப் பூட்டியபோது, ஆராதனையை வீட்டிலிருந்தபடி ஃபோனில் பார்ப்பதற்காக ஒரு கேமராவை ஸ்டாண்டில் வைத்தார்கள். கொரோனா போய்விட்டது, கேமரா போகவில்லை. வெளியூரில் இருக்கிற எங்கள் பிள்ளைகள் பார்ப்பார்கள். எங்களுக்கு அது குத்துவிளக்கு மாதிரி, இருப்பது கண்ணில் படுவதே இல்லை. நம்ம கோயிலில் நம்ம ஜனங்கள் என்று டீச்சரம்மா சொன்னபோது அதை மறந்துவிட்டார்கள். நாங்கள் எல்லாருமே மறந்திருந்தோம்.

திங்கட்கிழமை காலையில் தம்பியின் ஃபோன் அடங்கவில்லை. எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள். முதலில் அவனுக்குப் புரியவில்லை, உண்மையிலேயே ஆர்டர் வந்துவிட்டதோ என்று நினைத்துவிட்டான். பெட்டியைத் திறந்து கோட்டை எடுத்து உதறி மாட்டினான். அந்த ஒரு மணி நேரம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சின்ன வயசில் பொரிவிளங்காய் உருண்டை கொடுத்தால் வருகிற முகம். அப்புறம் யாரோ வீடியோவை அனுப்பினார்கள்.

நான் கீரை வாங்கப் போனேன். சந்து முனையில் ஆள் உயரத்துக்குத் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். “எங்கள் மண்ணின் துணைவேந்தரே வருக” என்று ஃப்ளெக்ஸ். கீழே அந்தக் கான்ட்ராக்டரின் படம், தம்பி படத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது. கீரைக்காரம்மா, “உன்னை ஃபோன்ல பார்த்தேன் ஆயா,” என்றாள். கீரை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை டிவியிலேயே வந்துவிட்டது. ஆளுநர் ஆணை வருவதற்கு முன்பே இவருக்கு எப்படித் தெரிந்தது, முடிவு முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டதா என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு என் முகத்தைக் காட்டினார்கள். மறுபடியும் மறுபடியும், மைக்கைப் பார்த்து விழிக்கிற என் முகம். விசுவாசத்தில் முன்கூட்டிச் சொல்வது எங்கள் ஊர் வழக்கம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? தம்பி நாலைந்து பேருக்கு ஃபோன் செய்தான். ஒருத்தரும் எடுக்கவில்லை. வாசலில் செருப்பே இல்லை. அன்று நான் தாராளமாகக் குழாயடிக்குப் போயிருக்கலாம். ஆனால் இப்போது முன் அறையில் தம்பி உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால் அவனைத் தாண்டிப் போகவும் கால் வரவில்லை.

கதவு தட்டுகிற சத்தம். தம்பி பின்னறைக்குள் போய்விட்டான். நான் கதவை ஒரு சாண் திறந்தேன். மைக்கும் கையுமாக ஒரு பொண்ணு.

“சார் இருக்காருங்களாம்மா?”

“இல்லீங்க.”

“நீங்கதானே அந்த வீடியோல வந்த அம்மா?”

“இல்லீங்க.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் கதவைச் சாத்திவிட்டேன். வெளியே அவள் கூட வந்தவனிடம், “அதே அம்மாதான்பா,” என்றது கேட்டது.

அந்த வாரம் முடிவதற்குள் பெயர் வந்தது. மூன்று பேரில் வேறொருத்தர். டிவியில் கீழே ஓடுகிற எழுத்தைத் தம்பிதான் முதலில் வாசித்தான், வாசித்து எனக்கும் சொன்னான். வீடியோவால்தான் இப்படி ஆயிற்றா, இல்லை அது இல்லாவிட்டாலும் அவரைத்தான் போட்டிருப்பார்களா, யாருக்கும் தெரியாது. இன்றுவரை தெரியாது. “நல்ல ஆளுதான்க்கா அவரு. எனக்கு ரெண்டு வருஷம் பின்னாடி படிச்சாரு,” என்றான். தயிர்சோறு கேட்டான். சாப்பிட்டான். ஃபோனை எடுத்து அவருக்கு வாழ்த்துச் சொல்ல முயன்றான். லைன் கிடைக்கவில்லை.

எனக்குள் என்ன நடந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். வீடு தப்பியது என்று மூச்சு வந்தது. அந்த மூச்சை அவனுக்குக் கேட்காமல் விட வேண்டியிருந்தது.

சாயங்காலம் அவன் கட்டிலில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்ததும் திரும்பப் போட்டான். அடுப்படியில் இருந்த எனக்கு என் குரலே கேட்டுக்கொண்டிருந்தது. தம்பி தூங்கணும். நேரத்துக்குச் சாப்பிடணும்.

“அக்கா, இங்க வா.”

போனேன். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் படத்தை நிறுத்தி என் முகத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தான்.

“நீ ஸ்தோத்திரம்னே சொல்லலியே.”

“வரல.”

“துணைவேந்தர்னும் சொல்லல.” படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “உனக்கு அங்க வர இஷ்டமில்லியா?”

நான் தரையைப் பார்த்தேன். சாக்பீஸ் கோட்டின்மேல் அவன் செருப்பு கிடந்தது.

“என்னை நீ கேக்கவே இல்லியே,” என்றேன்.

“கேட்டிருந்தா சொல்லி இருப்பியா?”

யோசித்துப் பார்த்தேன். “மாட்டேன்.”

அவன் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“குவார்ட்டர்ஸை விடணும்க்கா. பையன்கிட்ட போனா அந்தக் குளிரு எனக்கு ஆவாது. எட்டு ரூமு உனக்காகத்தான்னு சொல்லிகினு இருந்தேன். எனக்குத்தான் ஒரு ஆளு வேணும்னு இருந்திருக்கு.” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். “நான் இங்கயே இருந்துடவா?”

இந்தத் தடவை கேட்டுவிட்டான். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கட்டில், இந்த டிவி, சாத்திய ஜன்னல், தூக்குகிற கை, எல்லாம் இப்படியே காலத்துக்கும் என் முன் அறையில் இருப்பதாக நினைத்துப் பார்த்தேன். பங்களாவை விட்டுத் தப்பி, என் வீட்டிலேயே அடுப்படியில் கிடப்பதா? ஆலயத்தில் மைக்கைப் பார்த்தபோதுகூட அவ்வளவு பயம் இல்லை.

“இரு,” என்றேன். “பின்னாடி ரூமுல இரு. முன் ரூமு எனக்கு வேணும். மிஷினு ஓடும், நிறுத்த மாட்டேன். கதவு தொறந்துதான் இருக்கும். உன்னைத் தேடி ஆம்பளைங்க வந்தா வெளிய நின்னு பேசு.”

என் வாழ்நாளில் அவனிடம் ஒரே மூச்சில் இத்தனை வார்த்தை பேசியதில்லை. “சரிக்கா,” என்றான். பிறகு மெதுவாக, “டிவியாவது இங்க இருக்கட்டுமா?”

“அதையும் எடுத்துகினு போ.”

மறுநாள் கட்டிலைப் பின்னறைக்கு நகர்த்தக் கொழுந்தனார் மகன்தான் வந்தான். அவனுக்கு முகம் தொங்கிப்போயிருந்தது. போகிறபோது சந்து முனை ஃப்ளெக்ஸை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனான். மழைக்குத் தறிக்கொட்டகைக் கூரையில் பிய்ந்துபோன இடத்தில் போட நல்ல கெட்டித் துணி என்றான். “மாமா மூஞ்சி உள்பக்கம் வர்ற மாதிரி போட்டுக்கறேன் பெரிம்மா. மேலே போட்டா காக்கா எச்சம் போடும்.” இப்போது அவன் தறியில் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தால் தம்பி மேலேயிருந்து சிரிப்பான்.

ஈரத்துணியால் சாக்பீஸ் கோட்டைத் துடைத்தேன். ஒரு மூலையில் மட்டும் இன்னும் லேசாகத் தெரிகிறது. புடவையை எடுத்துவிட்டு மிஷினை ஓட்டினேன். பின்னறையில் ஃபோன் அடித்தது. தம்பி பழக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு வாசற்படி வரைக்கும் வந்தான். நான் தாரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் ஃபோனைக் காதில் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டித் தெருவுக்குப் போனான்.

படிப்பு வருஷத்தை முடிக்கத் திரும்பிப் போனவன், ஓய்வு பெற்று வந்துவிட்டான். பின்னறை ஜன்னலில் நாலு செடித்தொட்டி வைத்திருக்கிறான். டீச்சரம்மா மட்டும் வழக்கம் மாறாமல் வருகிறார்கள். முன் அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நூல்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஊர்க்கதையெல்லாம் பேசுவார்கள். தம்பியைக் கண்டால், அடுத்த தடவை நிச்சயம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் அவர்கள் இருக்கும்வரை அவன் வெளியே வருவதில்லை. குழாயும் கக்கூஸும் வாசலை ஒட்டித்தானே இருக்கின்றன. திரைக்கு அந்தப் பக்கம் அவன் காலை மாற்றி மாற்றி நிற்கிற சத்தம் எனக்குக் கேட்கும். டீச்சரம்மாவுக்கு இன்னொரு டம்ளர் டீ போடலாமா என்று யோசிப்பேன். சில நாள் போடுவேன்.